லில்லார்ட் ஏன் மயாமிக்குப் போகவில்லை? பல அணி டிரேட் வதந்திகளைப் படிப்பது எப்படி

கேள்வி இது: "2023 கோடை முழுக்க போர்ட்லண்ட் நட்சத்திரம் டேமியன் லில்லார்ட் மயாமிக்குத்தான் போவார், மயாமியின் டைலர் ஹீரோவை எடுத்துக்கொள்ள மூன்றாவதாக ஓர் அணி வரும் என்று என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ரசிகர்கள் அடித்துப் பேசினார்கள். கடைசியில் அவர் மில்வாக்கிக்குப் போனார். இத்தனை பேர் எப்படித் தப்பாகக் கணித்தார்கள்? இப்போதும் மூன்று அணி, நான்கு அணி டிரேட் என்று வதந்தி வருகிறது. எது நடக்கும், எது நடக்காது என்று எப்படிப் பார்ப்பது? அந்த டிரேடில் ஜெயித்தது யார்?"

கொடுக்கும் வீரர்களின் சம்பளமும் வாங்கும் வீரர்களின் சம்பளமும் பொருந்துகிறதா என்ற கணக்கைப் பல ரசிகர்கள் சரியாகவே போட்டிருந்தார்கள். கோட்டை விட்டது வேறு இடத்தில். லில்லார்டுக்கு என்ன ஆசை, மயாமி எவ்வளவு கொடுக்கும் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே மூன்று மாத விவாதமும் ஓடியது. விற்கிற போர்ட்லண்டுக்கு என்ன தேவை, நடுவில் வரும் அணிக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டவர்கள் குறைவு. பல அணி டிரேட் பெரும்பாலும் அந்த இரண்டு கேள்விகளில்தான் முடிவாகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 11 சீசன் போர்ட்லண்டுக்கு ஆடிய லில்லார்ட், 2023 ஜூலை 1 அன்று டிரேட் கேட்டார். மயாமிக்கு மட்டும்தான் போக விரும்புகிறார் என்ற செய்தி உடனே பரவியது. அவருடைய ஏஜென்ட் ஏரன் குட்வின் மற்ற அணிகளுக்குப் போன் செய்து, "இவரை வாங்காதீர்கள், உங்களிடம் சந்தோஷமாக இருக்க மாட்டார்" என்கிற ரீதியில் பேசியதாகச் செய்தி வர, லீக் நிர்வாகம் விசாரித்தது. ஜூலை கடைசியில் 30 அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. ஒப்பந்தப்படி முழுமையாக ஆட மாட்டேன் என்று சூசகமாகச் சொன்னால்கூட நடவடிக்கை எடுப்போம் என்பது அதன் சாரம். அந்தச் சுற்றறிக்கையை ரசிகர்கள் அப்போது கவனித்த அளவு போதாது என்பது என் கருத்து. "மயாமி மட்டும்" என்ற சுவரில் விழுந்த முதல் விரிசல் அதுதான்.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நம்மவர்கள் பலர் இங்கே ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐபிஎல்லில் ஒரு வீரரை டிரேட் செய்ய அவருடைய சம்மதம் வேண்டும். என்பிஏவில் வேண்டாம். ஒப்பந்தத்தில் "என் சம்மதம் இல்லாமல் டிரேட் கூடாது" என்ற ஷரத்து இருந்தால்தான் வீரரால் தடுக்க முடியும். லீக்கில் எட்டு ஆண்டு ஆடி, அதில் நான்கு ஆண்டாவது அதே அணியில் இருந்தவருக்குத்தான் அந்த ஷரத்தைப் பேரம் பேசி வாங்க முடியும். வாஷிங்டனில் இருந்த பிராட்லி பீலிடம் அது இருந்தது. அதனால்தான் 2023 ஜூனில் அவரே இடத்தைத் தேர்ந்தெடுத்து ஃபீனிக்ஸுக்குப் போக முடிந்தது. லில்லார்டிடம் அது இல்லை. அவருடைய ஆசைக்கு மரியாதை இருந்தது, சட்ட பலம் இல்லை. ஒரு நட்சத்திரம் டிரேட் கேட்டார் என்ற செய்தி வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, விவாதத்துக்கு வருவோம். இரண்டு பக்க ரசிகர்களும் சொன்னதில் விஷயம் இருந்தது.

மயாமி ரசிகர்களின் வாதம் இப்படிப் போனது. லில்லார்டுக்கு 33 வயது. இன்னும் நான்கு ஆண்டு ஒப்பந்தம், கடைசி ஆண்டில் மட்டும் சுமார் 63 மில்லியன் டாலர். வேறு ஊருக்கு வரமாட்டேன் என்கிற, வயதான, இவ்வளவு செலவு பிடிக்கிற வீரரை வேறு யார் வாங்குவார்கள்? அதனால் ஹீரோ, ஒன்றிரண்டு இளம் வீரர்கள், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் அணிக்குள்ள தேர்வு உரிமை). இதுவே தாராளம். அதுவும் எட்டாவது இடத்திலிருந்து கிளம்பி ஃபைனல்ஸ் வரை போன அணி, இதற்கு மேல் ஏன் கொட்டிக் கொடுக்க வேண்டும்?

போர்ட்லண்ட் ரசிகர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் ஸ்கூட் ஹெண்டர்சனை எடுத்திருந்தார்கள். அன்ஃபர்னி சைமன்ஸுக்கு நான்கு ஆண்டு 100 மில்லியன் கொடுத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஷேடன் ஷார்ப் இருந்தார். மூவருமே பந்தைக் கையில் வைத்து ஆடும் இளம் கார்ட்கள். அங்கே ஹீரோவுக்கு இடம் எங்கே? ஹீரோ ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுப்பவர், 2022-இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (பெஞ்சிலிருந்து இறங்குபவர்) விருது வாங்கியவர். அதையெல்லாம் அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பிளேஆஃப்பின் முதல் ஆட்டத்திலேயே அவர் கை உடைந்து வெளியேறிய பிறகும் மயாமி ஃபைனல்ஸ் போனதே, அவர் இல்லாமலே நீங்கள் சமாளித்தீர்களே என்று திருப்பிக் கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் "மூன்றாவது அணி" உள்ளே வந்தது. போர்ட்லண்டுக்கு ஹீரோ வேண்டாம் என்றால், ஹீரோ தேவைப்படும் ஓர் அணி அவரை எடுத்துக்கொண்டு போர்ட்லண்டுக்குப் பிக் கொடுக்கட்டும். புரூக்ளின் பெயர் அடிக்கடி அடிபட்டது. ஆளாளுக்கு நான்கு அணி, ஐந்து அணி என்று திட்டம் போட்டார்கள். சம்பளம் பொருந்தியது, விதிகள் இடம் கொடுத்தன. ஆனால் கிட்டத்தட்ட எல்லாத் திட்டங்களிலும் ஒரே ஓட்டைதான். மூன்றாவது அணி, வேறு இரண்டு அணிகளின் பிரச்சினையைத் தீர்ப்பதற்காகத் தன் முதல் சுற்றுப் பிக்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. அணியைக் கட்டும் எந்த ஜெனரல் மேனேஜரும் அதற்காக வேலைக்கு வருவதில்லை. மூன்றாவது அணி கூலிக்கு வரும், அல்லது தன் சொந்தத் தலைவலியைத் தீர்த்துக்கொள்ள வரும்.

செப்டம்பர் 27 அன்று உண்மையான டிரேட் வந்தபோது அதன் மூன்றாவது அணி ஃபீனிக்ஸ். அதற்கு என்ன தலைவலி? டிஆண்ட்ரே எய்ட்டன். 2018 டிராஃப்டின் முதல் வீரர், ஆண்டுக்கு 32 மில்லியனுக்கு மேல் சம்பளம், நிர்வாகத்தோடு உறவு எப்போதோ கசந்துவிட்டது. டுரான்ட், புக்கர், பீல் என்று மூன்று பெரிய சம்பளம் இருக்கும் அணியில் பெஞ்ச் காலியாக இருந்தது. ஒரே ஆளிடம் முடங்கிய சம்பளத்தைப் பிரித்து நான்கு பேராக மாற்றினால் அவர்களுக்கு நிம்மதி. யூசுஃப் நுர்கிச், கிரேசன் ஆலன், நாசிர் லிட்டில், கியோன் ஜான்சன் ஆகிய நால்வர் ஃபீனிக்ஸ் போனார்கள். எய்ட்டனும், டிராஃப்டில் 52-வது இடத்தில் எடுக்கப்பட்ட துமானி கமாராவும் போர்ட்லண்டுக்கு. லில்லார்ட் மில்வாக்கிக்கு. மில்வாக்கியிலிருந்து ஜ்ரூ ஹாலிடேயும், 2029-இன் முதல் சுற்றுப் பிக்கும், 2028, 2030 ஆண்டுகளில் தன் பிக்கை மில்வாக்கியின் பிக்கோடு மாற்றிக்கொள்ளும் உரிமையும் போர்ட்லண்டுக்கு.

இந்த ஏற்பாட்டில் யாருமே தயவுக்காக வரவில்லை என்பதைப் பாருங்கள். லில்லார்டின் அந்த ஆண்டுச் சம்பளம் 45.6 மில்லியன். ஹாலிடேக்குச் சுமார் 37, ஆலனுக்குச் சுமார் 9. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. மில்வாக்கிக்கோ அவசரம். லீக்கிலேயே முதலிடம் பிடித்த அணி, பிளேஆஃப்பின் முதல் சுற்றிலேயே அதே மயாமியிடம் 4-1 என்று தோற்று, பயிற்சியாளரை மாற்றியிருந்தது. ஆகஸ்டில் அதன் நட்சத்திரம் யானிஸ் அன்டெடோகும்போ, ஜெயிக்க வேண்டும் என்ற முனைப்பு நிர்வாகத்துக்கும் இருக்கிறதா என்று தெரியாமல் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அன்றைக்கே மில்வாக்கி மீது கண் வைத்திருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் மயாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாட்களில் டொரன்டோ பெயர் பலமாக அடிபட்டது. மில்வாக்கியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை. டிரேட் முடிந்து ஒரு மாதத்துக்குள் யானிஸ் 186 மில்லியனுக்கு மூன்று ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார்.

"ஏன் 2029? அதுவும் ஒரே ஒரு பிக்? மில்வாக்கி கஞ்சத்தனம் பண்ணியதா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் பாதி வதந்திகளை நீங்களே தள்ளிவிடலாம். என்பிஏவில் ஏழு ஆண்டுக்கு அப்பால் உள்ள பிக்கைக் கொடுக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுப் பிக் இல்லாமல் போகும்படியும் ஓர் அணி டிரேட் செய்யக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்து அணியைக் காலி செய்ததால் வந்த விதி இது, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மில்வாக்கி 2020-இல் ஹாலிடேயை வாங்கும்போதே 2025, 2027 பிக்குகளை நியூ ஆர்லீன்ஸுக்குக் கொடுத்துவிட்டது. 2027 போய்விட்டால் 2028-ஐக் கொடுக்க முடியாது. 2029-ஐக் கொடுத்தால் 2030-ஐக் கொடுக்க முடியாது. ஆக, கையில் கொடுக்கக் கூடியது 2029 ஒன்றுதான். பக்கத்து ஆண்டுகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை மட்டும் தரலாம். அதாவது மில்வாக்கி தன்னிடம் இருந்ததை வழித்துத் துடைத்துக் கொடுத்தது. மயாமியும் இதே விதிக்குள்தான் சிக்கியிருந்தது. 2025 பிக்கை நிபந்தனையோடு ஏற்கெனவே ஓக்லஹோமா சிட்டிக்குக் கடன்பட்டிருந்தது. அதனால்தான் எல்லாத் திட்டத்திலும் 2028, 2030 என்ற இரண்டு ஆண்டுகளே திரும்பத் திரும்ப வந்தன. "நான்கு பிக் கொடுத்தால் போதுமே" என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

போர்ட்லண்டின் ஜெனரல் மேனேஜர் ஜோ க்ரோனினைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை என்று ஜூலையிலேயே சொன்ன மனிதர். அப்போது மயாமி ரசிகர்கள் அதைச் சும்மா வீம்பு என்றார்கள். ஆனால் டிரேட் நடந்தது பயிற்சி முகாம் தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்குள். அப்புறம் நான்கே நாளில், அக்டோபர் 1 அன்று, ஹாலிடேயை அப்படியே பாஸ்டனுக்குத் திருப்பிவிட்டு ராபர்ட் வில்லியம்ஸ், மால்கம் பிராக்டன், மேலும் இரண்டு முதல் சுற்றுப் பிக் வாங்கினார். மொத்தமாகப் பார்த்தால் லில்லார்ட், நுர்கிச், லிட்டில், ஜான்சன் ஆகியோருக்கு ஈடாக மூன்று முதல் சுற்றுப் பிக், இரண்டு மாற்று உரிமை, எய்ட்டன், கமாரா, வில்லியம்ஸ், பிராக்டன். மயாமி பேக்கேஜ் இதன் பக்கத்தில்கூட வராது. பொறுமையாக இருந்தார், ஜெயித்தார். அந்தக் கோடையில் அவரைத் திட்டியவர்கள் இதை ஒத்துக்கொள்வதுதான் நியாயம்.

அடுத்து வதந்தியின் ஊற்று. அணிகளும் ஏஜென்டுகளும் செய்தியாளர்களிடம் சும்மா பேசுவதில்லை. லில்லார்ட் விவகாரத்தில் வெளியே வந்தவற்றில் பெரும்பகுதி வீரர் தரப்புக்கும் மயாமிக்கும் சாதகமாக இருந்தது. போர்ட்லண்ட் பக்கம் அதிகம் வாய் திறக்கவில்லை. ஒரு வதந்தி மூன்று மாதம் ஒரே திசையில் வருகிறதென்றால், அந்தத் திசையில் ஒருவருக்கு அது தேவைப்படுகிறது என்று அர்த்தம். பேசாமல் இருக்கும் அணியிடம்தான் வேறு திட்டம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு உச்சமான உதாரணம் 2025 பிப்ரவரியில் லூகா டோன்சிச் டல்லஸிலிருந்து லேக்கர்ஸுக்குப் போனது. ஒரு துளி வதந்தி இல்லை. நள்ளிரவில் என்பிஏ செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா செய்தியைப் போட்டபோது அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். டல்லஸின் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன் ஏலம் விடவே இல்லை, லேக்கர்ஸிடம் மட்டும் பேசி முடித்தார். அந்தோணி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, ஒரு முதல் சுற்றுப் பிக், அவ்வளவுதான். 25 வயது டோன்சிச்சுக்கு இது மிகக் குறைவு என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். டல்லஸ் ரசிகர்கள் அரங்க வாசலில் சவப்பெட்டி வைத்துப் போராடினார்கள். அவர்களுக்கு விவாதிக்கக்கூட வாய்ப்பு தரப்படவில்லை என்ற கோபம் அதில் இருந்தது. ஹாரிசன் அந்த நவம்பரில் வேலையை இழந்தார். அந்த டிரேடின் மூன்றாவது அணியான யூட்டாவைக் கவனியுங்கள். ஒரு சின்ன சம்பளத்தை வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டாம் சுற்றுப் பிக்கைப் பெற்றது. நான் சொன்ன கூலி இதுதான்.

அப்படியானால் இன்றைக்கு ஒரு பல அணி வதந்தி வந்தால் என்ன பார்ப்பது? முதலில் ஏப்ரன். 2023-இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில் ஆடம்பர வரிக் கோட்டுக்கு (மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும்) மேலே ஏப்ரன் எனப்படும் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிடக் கூடுதலான சம்பளத்தையும் வாங்க முடியாது. வதந்தியில் அப்படி ஓர் அணி இருந்து, அது மூன்று பேரைச் சேர்த்து ஒரு நட்சத்திரத்தை வாங்குவதாக எழுதியிருந்தால் மேலே படிக்கவே வேண்டாம். பிறகு பிக் கணக்கு, மேலே சொன்னபடி. அதற்குப் பிறகு ஒவ்வோர் அணியின் பெயரையும் விரலால் மூடிப் பாருங்கள். அந்த அணி விலகிக்கொண்டால் அதற்கு என்ன நஷ்டம்? பதில் வரவில்லை என்றால் அந்த அணி அங்கே ரசிகரின் ஆசைக்காக மட்டும் நிற்கிறது.

அணிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் சிரித்து ஒதுக்க வேண்டாம். 2025 ஜூலையில் கெவின் டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போன டிரேடில் ஏழு அணிகள், லீக் வரலாற்றில் அதுவே அதிகம். ஆனால் ஏழு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதல்ல அது. தனித்தனியாக முடித்த சில ஒப்பந்தங்களைக் கணக்கு விதிகளுக்காக ஒன்றாகக் கட்டியது. பெரிய டிரேடில் சம்பந்தமே இல்லாத ஐரோப்பிய வீரர் ஒருவரின் உரிமை கை மாறுவதும் இப்படித்தான். பல அணி டிரேடில் ஒவ்வோர் அணியும் குறைந்தது வேறு இரண்டு அணிகளோடு ஏதாவது கொடுக்கல் வாங்கல் வைத்திருக்க வேண்டும் என்று விதி. அதற்காக அந்தப் பெயர்.

கடைசிக் கேள்வி, யார் ஜெயித்தார்கள்? மில்வாக்கி இல்லை. லில்லார்டும் யானிஸும் சேர்ந்திருந்த இரண்டு ஆண்டும் முதல் சுற்றில் இண்டியானாவிடம் தோல்வி. 2025 ஏப்ரலில் லில்லார்டின் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் மில்வாக்கி அவரை விடுவித்து, மீதமிருந்த 113 மில்லியனை ஐந்து ஆண்டுக்குப் பிரித்துக் கட்டுவதாக ஏற்றது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகள் ஆபத்து என்று எச்சரித்த மயாமி ரசிகர்கள் அந்த ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி. லில்லார்ட் மூன்று ஆண்டு 42 மில்லியனுக்குப் போர்ட்லண்டுக்கே திரும்பினார், இந்த முறை தன் சம்மதமின்றி டிரேட் கூடாது என்ற ஷரத்தோடு. மயாமியில் தங்கிய ஹீரோ 2025-இல் முதல் முறையாக ஆல்ஸ்டார் ஆனார். ஒரு கோடை முழுக்க "இவரை யார் தலையில் கட்டலாம்" என்று பேசப்பட்ட பையன் அப்படித் திருப்பி அடித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

போர்ட்லண்டுக்கு நல்ல அறுவடை. பட்டியலில் கடைசியாக எழுதப்பட்ட கமாரா 2025-இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர்களின் இரண்டாம் அணியில் இடம் பிடித்தார். பாஸ்டனிடம் வாங்கிய பிராக்டனையும் ஒரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்துத்தான் 2024-இல் வாஷிங்டனிடமிருந்து டெனி அவ்தியாவைப் பிடித்தார்கள்.

ஆனால் எனக்குக் கேட்டால் அதிகம் ஜெயித்தது பாஸ்டன். செப்டம்பர் 27 டிரேடில் அது இல்லவே இல்லை. ஹாலிடே போர்ட்லண்டில் தங்கமாட்டார் என்று புரிந்துகொண்டு நான்கு நாளில் அவரைத் தூக்கியது, 2024 ஜூனில் டல்லஸை 4-1 என்று வென்று கோப்பை வாங்கியது. டோன்சிச்சையும் கைரி இர்விங்கையும் அந்தத் தொடரில் மறித்து நின்றவர்களில் ஹாலிடே முக்கியமானவர்.